சக்கரக் கூடும் வெடித்த டயரும்

மலேசியாவின் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கேமரன் மலையின் தென்பகுதியில், ரிங்லெட் பட்டணத்தை அடுத்துச் சரிந்து இறங்கும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களும் சக்கரங்களை நம்பியே ஜீவிக்கின்றன. கிள்ளிய கொழுந்து சூடேறிக் கெடுமுன் தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும். அறுத்த கோசும் தக்காளியும் இரவோடிரவாக மலையிறங்கிச் சமவெளிச் சந்தைகளில் விடியுமுன் போய்ச் சேர வேண்டும். 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலத்திலிருந்து, தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் காடு தோட்டமாகி, தோட்டத்தோடு சாலைகளும் கிளைத்து விரிந்த இந்த மலையில், வளைவுக்கு வளைவு ஏறியிறங்கும் லோரிகளும், பெயரைக் கேட்டாலே கேமரன் மலையை நினைவூட்டும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளும் இன்றளவும் பாரம் சுமக்கின்றன.

இவ்வண்டிகளில் ஒன்றின் டயர் வெடித்துவிட்டால், ஓட்டுநர் இறங்கிப் பார்க்கிறார், ஜாக்கி வைத்துத் தூக்கி மாற்றுச் சக்கரத்தைப் பூட்டுகிறார், பிரயாணம் தொடர்கிறது. ஆனால் அந்தச் சக்கரத்தை மேலும் பின்னும் கவிந்து மூடியிருக்கும் தகட்டுக் கூட்டை, அதாவது மக்கள் மட்கார்டு என்று பொதுவாகச் சொல்லும் பகுதியின் உட்புறத்தை, குனிந்து விளக்கடித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. சேற்றைத் தடுப்பதற்காக மட்டும் அமைந்த ஓர் அலங்காரத் தகடு அதுவென்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையிலோ, அசுர வேகத்தில் சுழலும் ஒரு பொருளுக்கும், வண்டியின் முக்கியப் பாகங்களுக்கும் அதில் அமர்ந்திருக்கும் மனிதர்களுக்கும் இடையே நிற்கும் ஒரே சுவர் அதுதான். லேண்ட் ரோவரின் பின்பகுதியில் எதிரெதிராக அமைந்த நீள இருக்கைகள் இச்சக்கரக் கூட்டின் மேலேயே பொருத்தப்பட்டவை என்பதையும், அவற்றில் அமர்ந்து வேலைக்குச் செல்லும் ஒருவருக்கும் டயருக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய தகடுதான் என்பதையும் நினைத்தால், இவ்விஷயத்தை ஆராய வேண்டிய அவசியம் தானே விளங்கும்.

டயர் ஏன் வெடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்திப் பார்த்தார். அவருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் காற்றுச் சக்கரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தாரெனினும், அக்காலத்தில் அதற்குரிய தேவை எழவில்லை. டன்லப்பின் கருவி உலகெங்கும் பரவியபோது ரப்பரின் தேவையும் பெருகியது. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த சில நாற்றுகள் மலாயாவில் பெருங்காடுகளாக விரிந்ததற்கும், அவற்றில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் கப்பலேறியதற்கும் அந்தத் தேவையே காரணம். இன்று செயற்கை ரப்பர் எவ்வளவோ முன்னேறிய பின்னும், பெரும்பாரம் தாங்கும் லோரி டயர்களிலும் விமான டயர்களிலும் இயற்கை ரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. இழுபடும்போது அதன் அணுக்கோவைகள் ஒழுங்காக அணிவகுத்துப் படிகம்போல் இறுகி, கீறல் மேலும் பரவாதபடி தடுப்பதே அதற்குரிய விசேஷ குணம்.

இத்தகைய ரப்பருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அது வளையும்போது பெற்ற சக்தி முழுவதையும் நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை உஷ்ணமாக மாற்றித் தன்னுள் வைத்துக்கொள்கிறது. ஒரு கம்பியை இருபுறமும் மாற்றி மாற்றி வளைத்தால் வளையும் இடம் கை சுடுவதை எல்லோரும் அறிவர். டயரின் பக்கச் சுவருக்கு ஓயாமல் நேர்வதும் அதுவே. 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அதன் சுவரிலுள்ள ஒவ்வோர் இடமும் தரையை நோக்கி வரும்போது பிதுங்கியும் விலகும்போது நிமிர்ந்தும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 24,000 முறை வளைகிறது. போதிய காற்று இருந்தால் வளைவு சிறிது, உஷ்ணமும் சிறிது. காற்றுக் குறைந்தாலோ, பாரம் மிகுந்தாலோ, வளைவு பெரிதாகி உஷ்ணம் பெருகுகிறது. ரப்பர் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பொருளாதலின், அது வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, ரப்பரும் எஃகுக் கம்பிப் பட்டையும் ஒட்டியிருக்கும் விளிம்புகளில் பிணைப்பைத் தளர்த்துகிறது. வெளியே பார்த்தால் டயர் முழுமையாகவே தோன்றும். உள்ளே, தரையைத் தொடும் மேற்பரப்பாகிய தோலும் அதன் கீழுள்ள உடலும் பிரிந்துகொண்டிருக்கும்.

இதனோடு முதுமையும் சேர்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை ஆண்டுக்கணக்கில் வறளச் செய்கின்றன. நாள்தோறும் ஓடும் லோரியின் டயர் தேய்ந்து மாற்றப்படுகிறது. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் இழுவண்டி, கேரவன் ஆகியவற்றின் டயரோ, தோலில் வெட்டிய பூவேலை அழியாமலே முதுமையடைந்து ஒரு நாள் திடீரென்று கைவிடுகிறது. டயரின் பக்கச் சுவரில் அச்சான எழுத்துகளின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு அது பிறந்த வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். பூவேலையின் ஆழத்தைப் பார்ப்பவர் பலர் உண்டு. இந்த இலக்கத்தைப் படிப்பவர் அபூர்வம்.

மலைச்சாலைக்கென்றே உரிய சில காரணங்களும் உண்டு. சமவெளியிலுள்ள தாப்பாவிலிருந்து, 1,400 மீட்டருக்கு மேலான உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், டயரின் அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு இரண்டு பவுண்டுக்குச் சற்று அதிகமாகவே கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் மேலே வெப்பநிலை ஒன்பது பத்து டிகிரி குறைவாதலின் உள்ளிருக்கும் காற்றுச் சுருங்குகிறது. 65 பவுண்டு அடைத்த டயரில் இச்சுருக்கமும் ஏறக்குறைய இரண்டரைப் பவுண்டு ஆகிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே சமவெளியில் அடைத்த காற்று மலைமேல் காலையில் நாலைந்து பவுண்டு குறைந்திருந்தால், குளிரின்மேல் பழியைப் போடுவதற்கில்லை. எங்கோ கசிவு இருக்கிறதென்றே முடிவு செய்ய வேண்டும்.

இறக்கத்தின் கதை இதனினும் கடுமையானது. பத்து டன் எடையுள்ள ஒரு லோரி, ரிங்லெட்டிலிருந்து தாப்பாவின் சமவெளிவரை சுமார் 1,000 மீட்டர் இறங்கும்போது இழக்கும் உயரத்தின் சக்தி, முந்நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினைச் சிறிய கியரில் இருத்தி அதைக் கொண்டே வண்டியைத் தடுத்தால், இதில் ஒரு பெரும்பகுதி எஞ்சின் வழியே வெளியேறும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தாலோ, அவ்வளவும் பிரேக் உருளையில் உஷ்ணமாகி, அங்கிருந்து சக்கர வளையத்துக்கும், வளையத்தைப் பற்றியிருக்கும் டயர் விளிம்புக்கும் பரவுகிறது. ஏற்கெனவே காற்றுக் குறைந்து உள்ளே வெந்துகொண்டிருக்கும் டயருக்கு இது வெளியிலிருந்து மூட்டிய நெருப்பு. லோரியின் பின்புறத்தில் ஜோடியாகப் பூட்டிய சக்கரங்களில் உட்சக்கரம் காற்றிழந்தால், ஓட்டுநருக்கு அது தெரிவதுமில்லை. துணைச் சக்கரம் இரட்டைப் பாரத்தைச் சுமந்து தானும் சூடேறுகிறது. ஆகவே வெடிப்பென்பது ஒரு நொடியில் நிகழ்ந்தாலும், அதன் காரணம் நாட்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து வந்ததாகவே இருக்கும்.

வெடித்த டயர் சக்கரக் கூட்டை எவ்வாறு சிதைக்கிறது? வெளியேறும் காற்றின் அதிர்ச்சி பலமானதே. அருகில் நிற்கும் மனிதரைக் கொல்லவும் அது வல்லது. எனினும் கூட்டை நாசம் செய்வது பெரும்பாலும் காற்றன்று, பிரிந்த தோல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நாம் முன்சொன்ன டயரின் விளிம்பிலுள்ள ஒரு பொருளின்மீது அதன் எடையைப்போல் எழுபது மடங்கு விசை வெளிநோக்கி இழுப்பதுபோல் செயல்படுகிறது. ஒரு கிலோ எடையுள்ள ரப்பர்ப் பட்டை ஒரு முனையில் பிரிந்து மறுமுனையில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பட்டை வண்டியின் தகட்டை வினாடிக்கு ஆறேழு முறை அறைந்துகொண்டேயிருக்கும். வேகம் 90 ஆனால் அவ்விசை ஒன்றரை மடங்கு ஆவதில்லை. வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகி இரண்டேகால் மடங்கு ஆகிறது. பட்டைக்குள் எஃகுக் கம்பிகளும் பொதிந்திருப்பதால், அது அடிப்பதோடு அறுக்கவும் செய்கிறது. இழுத்துச் செல்லப்படும் கேரவனில் டயர் வெடித்தால், முன்வண்டியை ஓட்டுபவர் உடனே உணராமல் மேலும் நெடுந்தூரம் ஓட்டிவிடுவதுண்டு. அத்தகைய வண்டிகளின் சக்கரக் கூடு மெல்லிய பிளாஸ்டிக்காலோ தகட்டாலோ ஆனதாதலின், நின்று பார்க்கும்போது, தளப்பலகை பெயர்ந்து, மின்கம்பிகள் அறுந்து, சமையல் வாயுக் குழாயும் நசுங்கிக் கிடக்கக் காணலாம்.

இவ்வபாயத்தின் உச்சத்தை ஆகாய விமானங்களின் வரலாறு காட்டுகிறது. 1991-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி ஜெட்டாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு நைஜீரியாவுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தில், காற்றுக் குறைந்திருந்த டயர்கள் ஓடுதளத்திலேயே சூடேறிச் சிதைந்து தீப்பற்றின. எரியும் சக்கரங்கள் கூட்டுக்குள் மடக்கப்பட்டன. தீ விமானத்துக்குள் பரவி 261 பேரும் மாண்டனர். 2000-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி பாரிஸ் நகருக்கருகே கன்கார்டு விமானத்தின் டயர் ஓடுதளத்தில் கிடந்த ஓர் உலோகப் பட்டையால் கிழிந்து, நாலரைக் கிலோ எடையுள்ள ஒரு துண்டு எரிபொருள் தொட்டியின் அடிப்புறத்தைத் தாக்கியதிலிருந்து விளைந்த விபத்தில் 113 பேர் உயிரிழந்தனர். அதன்பின் பொறியாளர் மேற்கொண்ட பரிகாரம் கவனிக்கத்தக்கது. தொட்டிகளின் உட்புறத்துக்குக் கெவ்லார் என்னும் வலிய இழையால் காப்பிட்டனர். பெருந்துண்டுகளாகப் பிரியாத புதுவகை டயரையும் பூட்டினர். அடிக்கும் பொருளைத் திருத்துவதும், அடிபடும் இடத்தைக் காப்பதும் ஆகிய இரண்டுமே தேவை என்ற அந்தப் பாடம், விமானத்துக்கு எவ்வளவு பொருந்துமோ, லெம்பா பெர்த்தாமின் காய்கறி வண்டிக்கும் அவ்வளவு பொருந்தும்.

காப்பதற்குரிய உபாயங்கள் எளியவை. முதலாவது இடைவெளி. டயருக்கும் கூட்டுக்கும் இடையே நான்கு விரல் இடமிருந்தால், பிரிந்த பட்டையின் முதல் அடிகள் காற்றில் கழியும். அதிக பாரத்தால் வில் தாழ்ந்து இடைவெளி சுருங்கினால், முதல் அடியே தகட்டில் விழும். வண்டிக்கு உரியதைவிடப் பெரிய டயரைத் தோற்றத்துக்காகப் பூட்டுவோர் இந்த இடைவெளியைத் தாமே விற்றுவிடுகிறார்கள். இரண்டாவது காப்புத் தகடு. பழைய கூட்டின் உட்புறத்தில் வளைத்துப் பொருத்தும் கனத்த தகட்டை மெல்லிய புறத்தகட்டில் ஆணியடித்து நிறுத்துவதில் பயனில்லை. வண்டியின் சட்டத்தில் பூட்டினால்தான் அது அடியைத் தாங்கும். அதன் விளிம்புகள் உட்புறமாக மடிக்கப்பட்டிருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஓரம் சுழலும் பட்டையைக் கொக்கிபோல் பிடித்துக்கொண்டு, தானும் பெயர்ந்து மற்றதையும் பெயர்த்துவிடும். தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே சேறு தங்காமல் நீர் வடியவும் வழி விட வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றிலும் செலவு குறைந்தது: பிரேக் குழாய், விளக்குக் கம்பி, வாயுக் குழாய் ஆகியவற்றைச் சக்கரத்தின் நேர்ப்பாதையிலிருந்து விலக்கி, சட்டத்தின் மறைவில் கொண்டுசெல்வது. தகடு கிழிந்தாலும் பிரேக் பிடிக்குமானால் உயிர் பிழைக்கலாம்.

சிதைந்த கூட்டைச் செப்பனிடுவது ஒரு தனிக் கலை. லேண்ட் ரோவரின் உடற்பகுதி பெரும்பாலும் எஃகினால் ஆனதன்று. அவ்வண்டி 1948-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்தமையால், அலுமினியத்தோடு சிறிது மக்னீசியம் கலந்த தகட்டை அதன் உடலுக்கும், எஃகைச் சட்டத்துக்கும் பயன்படுத்தினர். இத்தகடு துருப்பிடிப்பதில்லை என்பது மெய். ஆயினும் எஃகோடு தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் அரிக்கப்படுகிறது. இரு வேறு உலோகங்களின் நடுவே உப்புநீர் இருந்தால் மின்சாரம் பிறக்குமென்று 1800-ஆம் ஆண்டில் வோல்டா காட்டிய அதே தத்துவம் இங்கே சக்கரக் கூட்டுக்குள் நடைபெறுகிறது. மின்னோட்டத்தில் கரைந்து போவது அலுமினியம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இம்மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. பொட்டாசியம் குளோரைடு போன்ற உர உப்புகளும் கோழி எருவும் தோட்டத்து மண்ணோடு கலந்து கூட்டின் மூலைகளில் அப்பிக்கொள்வதால், உப்புக்கும் பஞ்சமில்லை. இணைப்புகளின் ஓரத்தில் வெண்ணிறப் பொடி பூத்து, வர்ணம் கொப்புளம்போல் எழும்பியிருந்தால், உள்ளே தகடு கரைந்துகொண்டிருக்கிறதென்பது அறிகுறி. அத்தகைய தகட்டின்மேல் விழும் முதல் அடியே அதைக் காகிதம்போல் கிழித்துவிடும்.

ஆகவே செப்பனிடும்போது முதல் வேலை சுத்தம் செய்வது, பிறகே சுத்தியல். கூட்டை நன்னீரால் கழுவி, உலர்த்தி, அறுந்த கம்பியும் நசுங்கிய குழாயும் உள்ளனவா என்று தகட்டின் மறுபுறத்தைக் கையால் தடவியாவது பார்த்தாக வேண்டும். அடுத்து, கிழிசலின் நுனியைத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நுனியைத் தாண்டியும் மயிரிழைபோன்ற கீறல் ஓடியிருக்கும். அதன் இறுதியில் ஒரு சிறு வட்டத் துளையிடுவது பழைய பட்டறைக்காரர் வழக்கம்; அதற்குரிய காரணத்தை 1913-இல் இங்கிலிஸ் என்னும் பொறியியல் அறிஞர் கணிதத்தால் விளக்கினார். இழுபடும் தகட்டில் ஒரு வட்டத் துளையின் விளிம்பில் விசை மும்மடங்கு குவிகிறது; கூரிய கீறலின் நுனியிலோ அது பன்மடங்கு குவிந்து, கீறலை மேலும் மேலும் ஓடச் செய்கிறது. நுனியை வட்டமாக்கிவிட்டால் அந்த ஓட்டம் தடைப்படும்.

நசுங்கிய அலுமினியத் தகட்டை அப்படியே தட்டி நிமிர்த்த முயன்றால், அடிபட்டு இறுகிப்போன உலோகம் வெடித்துவிடும். அதை மீண்டும் மிருதுவாக்க உஷ்ணம் தேவை. ஆனால் அலுமினியம் எஃகைப்போல் செந்நிறமாகி எச்சரிப்பதில்லை, 660 டிகிரியை எட்டுமுன் எந்த அறிகுறியும் காட்டாமல் திடீரென்று உருகி விழும். இதற்குப் பட்டறையில் கையாளும் உபாயம் ஒரு சவர்க்காரக் கட்டிதான். வண்டியிலிருந்து கழற்றிய தகட்டின்மேல் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு, மென்மையான தீயை ஓரிடத்தில் நிறுத்தாமல் அங்குமிங்கும் அசைத்துக் காட்டினால், சிறிது நேரத்தில் அந்தப் பூச்சு கரும்பழுப்பாக மாறும். அக்கணமே தீயை விலக்க வேண்டும். ஆறிய பிறகு அந்தத் தகடு, மரச் சுத்தியலின் கீழ் பிடிவாதமின்றிப் பணிந்து கொடுக்கும். விலையுயர்ந்த உஷ்ணமானி செய்ய வேண்டிய காரியத்தைச் சவர்க்காரம் செய்துவிடுகிறது.

ஒட்டுத் தகடும் அதே அலுமினிய வகையாக இருத்தல் வேண்டும். அதன் மூலைகள் வட்டமாக வெட்டப்பட வேண்டும். அலுமினிய ரிவெட்டுகளையே அடிக்க வேண்டும். மலிவென்று எஃகு ரிவெட்டை அடித்தால், வோல்டாவின் தத்துவத்தை ஒவ்வொரு துளையிலும் புதிதாகத் தொடங்கி வைத்தவராவோம். எஃகுச் சட்டத்தோடு சேரும் இடங்களில், இரண்டுக்கும் நடுவே அடிப்பூச்சும் நீர்புகாப் பசையும் தடவிப் பிரித்து வைப்பது அவசியம். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கிழிசலின்மேல் பிசினை அப்பி, தேய்த்து மெருகேற்றி, வர்ணம் பூசிவிடும் வேலை விரைவில் முடியும். ஆனால் அது செப்பனிடுதலன்று, மறைத்தல். அடுத்த டயர் வெடிக்கும் நாளில், அந்தக் கூடு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

தேய்ந்தபின் மறுதோலிட்ட டயர், மலேசியாவில் செலுப் என்று வழங்குவது, இவ்வபாயத்துக்கெல்லாம் மூலமென்று பலர் கருதுகின்றனர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் நெடுஞ்சாலைகளில் கிடந்த லோரி டயர்த் துண்டுகளைச் சேகரித்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட அறிக்கை, புதிய டயர்களின் துண்டுகளும் மறுதோலிட்டவற்றின் துண்டுகளும் அவை சாலையில் ஓடும் விகிதத்தை ஒட்டியே கிடைத்தனவென்று காட்டியது. தகுந்த உடலின்மேல் ஒழுங்காக இட்ட மறுதோல் நாணயமான பொருளே. காற்றைக் குறையவிட்டால் புதியதும் வெடிக்கும், பழையதும் வெடிக்கும்.

ஆகவே, தோட்டத்து வண்டிகளையும் காய்கறி லோரிகளையும் நடத்தும் அன்பர்களுக்கும், விடுமுறையில் கேரவனை இழுத்துக்கொண்டு மலையேறுவோருக்கும் சொல்ல வேண்டியது இதுவே. காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள்; ஜோடிச் சக்கரங்களில் உட்சக்கரத்தை விட்டுவிடாதீர்கள். டயர் பிறந்த வாரத்தைப் படியுங்கள். இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். ஒரு டயர் வெடித்துவிட்டால், மாற்றுச் சக்கரத்தைப் பூட்டியதோடு காரியம் முடிந்ததென்று எண்ணாமல், கூட்டுக்குள் விளக்கைப் பிடித்து, பிரேக் குழாயையும் கம்பிகளையும் பார்த்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். சக்கரக் கூட்டைச் செப்பனிட ஆகும் பணத்தை வர்ணச் செலவுக் கணக்கில் எழுதாமல், அந்த வண்டியில் ஏறிவரும் தொழிலாளரின் பாதுகாப்புக் கணக்கில் எழுதுங்கள். அது அங்கேதான் சேர வேண்டியது.